பழமொழியைத் தோற்கடித்த சங்கு!

பாஸ், காதுல மாட்டியிருக்கிற இயர்போனை ஒரு அஞ்சு நிமிஷம் கழட்டி பாக்கெட்டுல போடுங்க. இந்த வாரம் நாம பேசப் போறது காதைப் பத்தி. கூடவே தொண்டையைப் பத்தியும்!

‘என்னடா இது, பயாலஜி கிளாஸ் மாதிரி ஆரம்பிக்கிறான்’னு பக்கத்தைப் புரட்டக் கை போகுதா? கொஞ்சம் பொறுங்க. நிலாவுல கோல்ஃப் ஆடினவர், ஆறு கிராமி அவார்டை ஒரே ராத்திரியில அள்ளின பாடகி, பீச்சுல உட்கார்ந்து சங்குக்குள்ள புல்லைச் சொருகிக்கிட்டிருந்த புரொபசர்... எல்லாரும் வர்றாங்க. செம ஸ்டார் வேல்யூ உள்ள கதைதான்!

டாக்டர்கள்லயே ஒரு ஓரவஞ்சனை உண்டு, கவனிச்சிருக்கீங்களா? சினிமாவுல ஹார்ட் சர்ஜன் வந்தா பின்னணி இசை பின்னும். மூளை டாக்டர் கண்ணாடியைக் கழட்டினாலே தியேட்டர் அமைதியாகிடும். ஈ.என்.டி. டாக்டர்? காதுக்குள்ள எறும்பு போனா, மூக்குக்குள்ள பட்டாணி போனா மட்டும் ஞாபகத்துக்கு வர்ற அப்பாவி ஜீவன். ஆனா, மனுஷனோட அஞ்சு புலன்கள்ல ஒண்ணு போன பிறகு, அதை ஒரு மெஷினை வெச்சு மறுபடியும் கொண்டுவந்து, அவரைப் பேச்சைப் புரிஞ்சுக்க வெச்ச முதல் கூட்டம் இந்தக் காது டாக்டர்கள்தான். கண்ணுக்கு இன்னும் அந்த அளவுக்கு முடியலை. யோசிச்சுப் பாருங்க!

நத்தைக்குள்ள ஒரு ஹார்மோனியம்

முதல்ல காது எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு ரவுண்டு பார்த்துடலாம். சத்தம் செவிப்பறையில மோதுது. பறை அதிருது. அதுக்குப் பின்னாடி சுத்தி, பட்டடை, அங்கவடினு வரிசையா மூணு எலும்பு. இதுல அங்கவடிதான் நம்ம உடம்புலயே குட்டி எலும்பு, நீளம் வெறும் 3 மில்லிமீட்டர் சொச்சம். பாதி அரிசி சைஸ்!

அந்தக் குட்டி எலும்பு தட்டுற கதவுக்குப் பின்னாடி, திரவம் நிரம்பின ஒரு சுருள் இருக்கு. நத்தைக்கூடு மாதிரி ரெண்டரைச் சுத்துக்கு மேல சுத்தி இருக்கும். நீட்டிப் பிடிச்சா மூணரை சென்டிமீட்டர்தான். அதுக்குள்ள சுமார் 15,000 மயிர்செல்கள். அதிர்வை மின்சாரமா மாத்தி நரம்புக்கு அனுப்புற வேலை இதுங்களோடது. கீச்சுக் குரல் எல்லாம் சுருளோட வாசல்ல இருக்கிற செல்லுக்கு, கட்டைக் குரல் எல்லாம் உள்ளே நுனியில இருக்கிற செல்லுக்குனு ஏரியா பிரிச்சு வேலை பார்க்கும். ஹார்மோனியக் கட்டைகளை வரிசையா அடுக்கி, அதை அப்படியே சுருட்டி வெச்ச மாதிரி.

இந்த ஏரியா விவகாரத்தைக் கண்ணால பார்த்துச் சொன்னவர் யார் தெரியுமா? டாக்டரே கிடையாது! ஜார்ஜ் வான் பெகஷினு ஒரு ஹங்கேரிக்காரர். புடாபெஸ்ட்ல தபால்துறையோட டெலிபோன் ஆராய்ச்சிக் கூடத்துல வேலை. டெலிபோனை நல்லாக்கணும்னா, அதைக் கேட்கிற காது எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணுமேனு கிளம்பினார். இறந்தவர்களோட காதுச் சுருளை எடுத்து, வெள்ளித் துகள்களைத் தூவி, மின்னி மின்னி எரியுற ஸ்ட்ரோப் வெளிச்சத்துல மைக்ராஸ்கோப் வெச்சுப் பார்த்தார். ஒவ்வொரு சுருதிக்கும் அலை ஒவ்வொரு இடத்துல உச்சத்துக்குப் போறது தெரிஞ்சது. 1961-ல மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு! டெலிபோன் டிபார்ட்மென்ட்ல இருந்து மெடிசின் நோபல்... எந்த டிபார்ட்மென்ட்ல உட்கார்ந்திருக்கோம்ங்கிறது முக்கியமில்லை மக்கா, எந்தக் கேள்வி மேல உட்கார்ந்திருக்கோம்ங்கிறதுதான் மேட்டர்.

வோல்டா காதுல கொதிச்ச குழம்பு

காதுல இருந்து மூளைக்குப் போறது கரன்ட்தான்னா, செல்கள் செத்துப்போன காதுக்கு நாமளே கரன்ட் குடுத்தா என்ன? இந்த விபரீத ஐடியாவை முதல்ல ட்ரை பண்ணினவர் நம்ம இ.இ.இ. பசங்களோட குலதெய்வம் வோல்டா. தான் கண்டுபிடிச்ச பேட்டரியோட ரெண்டு முனையையும் ரெண்டு காதுக்குள்ளயும் விட்டுப் பார்த்தார். தலைக்குள்ள ‘டொம்’னு ஒரு அதிர்ச்சி. அப்புறம் கெட்டியா ஏதோ கொதிக்கிற மாதிரி ‘களபுள களபுள’. 1800-ல எழுதின கடிதத்துல இதைப் பதிவு பண்ணிட்டு, மறுபடி அந்தப் பக்கமே போகலை. நீங்களும் போயிடாதீங்க, ப்ளீஸ்!

1957-ல பாரிஸ்ல ஜூர்னோ, ஏரியெஸ்னு ரெண்டு பேர், காது கேட்காத ஒருத்தரோட செவி நரம்புக்குப் பக்கத்துல கம்பிச்சுருளை வெச்சுச் சத்தத்தை உணர வெச்சாங்க. 1961-ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல வில்லியம் ஹவுஸ் ஒத்தை எலெக்ட்ரோடைக் காதுச் சுருளுக்குள்ளயே செருகினார். சத்தம் கேட்டது. கதவு தட்டுறது, ஹாரன் அடிக்கிறது எல்லாம் தெரிஞ்சது. ஆனா, உதட்டைப் பார்க்காம பேச்சை மட்டும் கேட்டுப் புரிஞ்சுக்க முடியலை. ஒரே ஒரு கட்டை இருக்கிற ஹார்மோனியத்துல கீர்த்தனை வாசிக்க முடியுமா?

இந்த ஹவுஸைப் பத்தி ஒரு குட்டி பிளாஷ்பேக். இவர் முதல்ல பல் டாக்டர், அப்புறம்தான் காதுக்கு வந்தார். அமெரிக்காவோட முதல் விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்டுக்கு மெனியர் நோய் வந்தது. உள்காதுல திரவம் ஏறி, திடீர் திடீர்னு தலை சுத்தும், காதுல இரைச்சல் கேட்கும். ராக்கெட் ஓட்டக் கூடாதுன்னு நாசா அவரை ஆபீஸ் நாற்காலியில உட்கார வெச்சிடுச்சு. மனுஷன் 1968-ல பொய்ப் பேர்ல ஹவுஸ்கிட்ட போய் ரகசியமா ஆபரேஷன் பண்ணிக்கிட்டார். 1969-ல மறுபடி ஃபிட். 1971-ல அப்போலோ 14-ல ஏறிப்போய், நிலாவுல ரெண்டு கோல்ஃப் பந்து அடிச்சிட்டு வந்தார். அந்தப் பந்துக்குப் பின்னாடி ஒரு காது டாக்டர் இருக்கார் பாஸ்!

மருந்துக்கடைக்காரர் பையன்

இப்போ நம்ம ஹீரோ என்ட்ரி. கிரேம் கிளார்க். ஆஸ்திரேலியாவுல கேம்டன்ங்கிற சின்ன ஊர், பிறந்தது 1935. அப்பாவுக்கு மருந்துக்கடை. அப்பாவுக்குக் காது சரியாக் கேட்காது. கடைக்கு வர்றவங்க தங்களோட அந்தரங்க வியாதிக்கான மருந்தை மெதுவாக் கேட்பாங்க. ‘கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க’ம்பார் அப்பா. கடையில நிக்கிற அத்தனை பேர் முன்னாடியும் அவங்க கத்திச் சொல்லணும். வந்தவங்களுக்கும் தர்மசங்கடம், அவருக்கும் தர்மசங்கடம். ஓரமா நின்னு பார்த்துக்கிட்டிருந்த பையன், சின்ன வயசுலயே ‘காது ரிப்பேர் பண்ணப் போறேன்’னு சொல்ல ஆரம்பிச்சிட்டான்.

சொன்ன மாதிரியே ஈ.என்.டி. சர்ஜன் ஆனார். மெல்பர்ன்ல பிராக்டீஸ். கைநிறைய சம்பாதிச்சு செட்டில் ஆகியிருக்கலாம். ஆனா, எலெக்ட்ரோட் ஆராய்ச்சி பத்தி ஒரு கட்டுரையைப் படிச்சிட்டு, 30 வயசுக்கு மேல, குடும்பத்தோட சிட்னிக்குப் போய் மறுபடி ஸ்டூடன்ட் ஆனார். 1969-ல பிஹெச்.டி. முடிச்சார். 1970-ல மெல்பர்ன் பல்கலைக்கழகத்துல ஈ.என்.டி. பேராசிரியர்.

‘15,000 செல் பார்க்கிற வேலையைப் பத்து, இருபது கம்பியை வெச்சுப் பார்க்க முடியுமா? சான்ஸே இல்லை’ன்னாங்க பல விஞ்ஞானிகள். ஆராய்ச்சிக்குப் பணம் தர ஆள் இல்லை. என்ன பண்ணினார்? தெருவுல உண்டியல் குலுக்கினாங்க! சேவை சங்கங்கள் கூட்டங்கள்ல போய்ப் பேசினார். டி.வி.யில நிதி திரட்டும் நிகழ்ச்சி நடந்தது. சிம்போசியத்துக்கு ஸ்பான்சர் தேடி ஜெராக்ஸ் கடையில இருந்து பேக்கரி வரைக்கும் அலையுறோமே, அதே அலைச்சல்தான். ஆனா, இவர் வருஷக்கணக்குல அலைஞ்சார்.

செவிடன் காதில் ஊதிய சங்கு

அடுத்த சிக்கல், சுருளுக்குள்ள கம்பியை எப்படி நுழைக்கிறது? நத்தைக்கூட்டுக்குள்ள கம்பியை விட்டுப் பாருங்க. முதல் திருப்பத்துலயே முட்டிக்கும். வேகமாத் தள்ளினா உள்ளே இருக்கிற மெல்லிசான சவ்வு கிழியும். அப்புறம் ஆபரேஷன் பண்ணி என்ன பிரயோஜனம்?

1977-ல குடும்பத்தோட மினமுராங்கிற பீச்சுக்கு லீவுக்குப் போனார். அங்கே ஒரு சுருள் சங்கு கிடைச்சது. பக்கத்துல வளர்ந்திருந்த புல்லைப் பிடுங்கி அதுக்குள்ள விட்டுப் பார்த்தார். சரசரன்னு வளைஞ்சு, நெளிஞ்சு உள்ளே போச்சு! ஏன்? புல்லோட நுனி வளையும், அடி விறைப்பா இருக்கும். நுனி திருப்பத்துக்குத் தகுந்த மாதிரி வளைய, அடி பின்னாலிருந்து தள்ளிக் குடுக்குது. எலெக்ட்ரோடையும் அப்படியே செஞ்சா போச்சு!

நம்ம ஊர்ல ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’னு ஒரு பழமொழி இருக்கே... ஊதி என்ன புண்ணியம், கேட்கவா போகுதுன்னு நக்கலாச் சொல்றது. அந்தப் பழமொழியைத் தோற்கடிச்சதே ஒரு சங்குதான்!

1978 ஆகஸ்ட் 1. மெல்பர்ன் கண் - காது மருத்துவமனை. ராட் சாண்டர்ஸ்னு ஒருத்தர். 46 வயசுல கார் விபத்துல ரெண்டு காதும் முழுசா போயிடுச்சு. அவருக்கு 10 சேனல் கருவியைப் பொருத்தினாங்க. காயம் ஆறினதும், கருவியை ஆன் பண்ணிப் பார்க்கிற நாள். ஆன் பண்ணினாங்க. ஒண்ணும் கேட்கலை. மறுபடி... ஒண்ணுமே இல்லை. இத்தனை வருஷ உழைப்பும் போச்சானு எல்லார் முகமும் தொங்கிப்போச்சு. கடைசியில பார்த்தா, டெஸ்ட் பண்ற கருவியில கனெக்‌ஷன் கோளாறு! லேப்ல ரீடிங் வரலைன்னா முதல்ல ஒயரைப் பாருங்கடானு அட்டெண்டர் அண்ணன் சொல்வாரே, அதேதான்.

சரிபண்ணி ஆன் பண்ணினதும் ராட் காதுல சத்தம். அப்போ அங்கே தேசிய கீதத்தைப் போட்டாங்க. என்ன ஆச்சு தெரியுமா? ராட் ‘டக்’னு எழுந்து அட்டென்ஷன்ல நின்னுட்டார்! தாளமும் மெட்டும் புரியுதுன்னு இதைவிட எப்படிச் சொல்ல முடியும்?

ஆனா, பேச்சு இன்னும் புரியலை. எல்லா எலெக்ட்ரோடுக்கும் ஒரே நேரத்துல எல்லாத்தையும் அனுப்பினா, ஒண்ணோட ஒண்ணு கலந்து சந்தைக்கடை ஆகிடும். அப்போதான் குழு ஒரு விஷயத்தைக் கவனிச்சது. ஒவ்வொரு எலெக்ட்ரோடைத் தட்டும்போதும் ராடுக்கு ஒவ்வொரு உயிரெழுத்து மாதிரி கேட்குது. உடனே பேச்சுல இருக்கிற எல்லாத்தையும் அனுப்புறதை விட்டுட்டு, எந்த உயிரெழுத்துன்னு காட்டிக்குடுக்கிற முக்கியமான ஒரு அலைவரிசையையும், குரலோட அடிப்படைச் சுருதியையும் மட்டும் பிரிச்சு அனுப்பினாங்க. 1978 டிசம்பர். வார்த்தைகளை வாசிக்கிறாங்க. உதட்டைப் பார்க்காமலே ராட் திருப்பிச் சொல்றார். கிளார்க் பக்கத்து ரூமுக்குப் போய், ஆனந்தத்துல அழுதார்.

சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பேப்பர்ல ஃபில்டர் கணக்கு போடும்போது ‘இதெல்லாம் எங்கடா யூஸ் ஆகப்போகுது’னு கேட்போம்ல? இங்கே யூஸ் ஆகுது!

மூணுல ரெண்டு நம்ம ஆளுங்க

அதே காலத்துல, 1977 டிசம்பர்ல, வியன்னாவிலும் பல சேனல் கருவி ஒண்ணு பொருத்தப்பட்டது. உருவாக்கினவங்க இன்கபோர்க் ஹோக்மேர், அவரோட கணவர் எர்வின் ரெண்டு பேரும். இன்கபோர்க் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர். அமெரிக்காவுல பிளேக் வில்சன்னு இன்னொரு எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர், 1991-ல ஒரு வழி சொன்னார். எலெக்ட்ரோடுகளை ஒரே சமயத்துல தட்டாம, ஒண்ணு மாத்தி ஒண்ணு, படுவேகமா வரிசையாத் தட்டு. சந்தைக்கடை அடங்கிடுச்சு. போன்லகூட பேசுற அளவுக்குத் தெளிவு வந்தது. 2013-ல மருத்துவத்துக்கான லாஸ்கர் விருது கிளார்க், இன்கபோர்க், வில்சன் மூணு பேருக்கும் சேர்த்துக் கிடைச்சது. மூணுல ரெண்டு பேர் இன்ஜினீயர்! இன்னிக்கு உலகம் முழுக்கப் பொருத்தின கருவிகளோட எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டிடுச்சு.

தமிழ்நாட்டுல முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல, 6 வயசுக்குள்ள இருக்கிற குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷனை இலவசமாப் பண்றாங்க. வயசு ஏன் முக்கியம்? பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு, மூளை சத்தத்தைக் கத்துக்கிற பருவம் முதல் சில வருஷங்கள்தான். லேட் ஆக ஆக, கருவி கத்தினாலும் மூளைக்கு அது வெறும் சத்தம்தான், மொழி ஆகாது. அதனால ஆபரேஷனோட கதை முடியறதில்லை, அப்பத்தான் ஆரம்பமே. மாசக்கணக்குல, வருஷக்கணக்குல உட்கார்ந்து ‘அம்மா’, ‘பந்து’, ‘மாடு’னு ஒவ்வொரு சத்தமா அடையாளம் சொல்லிக்குடுக்கிறவங்க ஆடியாலஜிஸ்ட்டும் ஸ்பீச் தெரபிஸ்ட்டும்தான். பேப்பர்ல போட்டோ வர்றது சர்ஜனோடதா இருக்கலாம், ஆனா அந்தக் குழந்தையோட முதல் வார்த்தைக்கு இவங்களும் சொந்தக்காரங்க. மைசூர்ல இருக்கிற அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இந்தப் படிப்புக்குப் பேர்போனது. நாலு வருஷ டிகிரி, கடைசி வருஷம் பயிற்சி. பிளஸ் டூ படிக்கிற தம்பி, தங்கச்சி இருந்தா காதுல போட்டு வைங்க.

இன்னொரு பக்கமும் உண்டு. ‘எங்களுக்குக் குறைன்னு யார் சொன்னது? எங்களுக்குச் சைகை மொழி இருக்கு, தனிப் பண்பாடே இருக்கு’னு சொல்ற காது கேளாதோர் அமைப்புகள் பல நாட்டுல இருக்கு. சைகை மொழியும் இலக்கணம் உள்ள முழுமையான மொழிதான். கருவி வெச்ச குழந்தைகூட அதைக் கத்துக்கலாம். யாரும் யாருக்கும் கம்மி இல்லைங்கிறதை மறந்துடாம இந்தக் கதையைப் படிக்கணும்.

பாட்டு வாத்தியார் கண்டுபிடிச்ச கண்ணாடி

இப்போ தொண்டைக்கு வருவோம். தொண்டைக்குள்ள ஒண்ணு, ஒண்ணரை சென்டிமீட்டர்ல ரெண்டு குரல்நாண். நீங்க பேசும்போது ஒண்ணோட ஒண்ணு மோதுது. பொண்ணுங்க குரல்ல விநாடிக்குச் சுமார் 200 முறை. அப்படின்னா நிமிஷத்துக்கு 12,000 மோதல்! ராத்திரி பூரா போன்ல கடலை போடுறவங்க தொண்டைக்குள்ள எத்தனை லட்சம்னு கால்குலேட்டர் எடுத்துக் கணக்குப் போட்டுக்கோங்க.

உயிரோட இருக்கிற மனுஷன் பாடும்போது இந்த நாண் எப்படி அசையுதுன்னு பார்த்து, அதை முறையா எழுதி உலகத்துக்குச் சொன்னவர் ஒரு பாட்டு வாத்தியார். மானுவேல் கார்சியா. 1854-ல பாரிஸ் தெருவுல நடந்து போகும்போது, ஜன்னல் கண்ணாடியில வெயில் பட்டுப் பளிச்சிட்டது. பல்ப் எரிஞ்சது! ஓடிப்போய் பல் டாக்டர்கள் பயன்படுத்துற நீளமான காம்பு வெச்ச குட்டிக் கண்ணாடியை வாங்கினார். விலை 6 ஃபிராங்க். அதைச் சூடுபண்ணித் தன் உள்நாக்குகிட்ட வெச்சு, கையில இன்னொரு கண்ணாடியால வெயிலை உள்ளே திருப்பிவிட்டார். தன்னோட குரல் பிறக்கிற இடத்தைத் தானே பார்த்தார்! 1855-ல லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை. குரல் மருத்துவம்ங்கிற துறைக்கே கதவைத் திறந்துவிட்டது அந்த 6 ஃபிராங்க் கண்ணாடி. அவரோட 100-வது பிறந்தநாளை 1905-ல தொண்டை டாக்டர்கள் எல்லாம் கூடி லண்டன்ல கொண்டாடினாங்க.

அதுக்கு முன்னாடியே அவர் ஒரு கேஸை ஜெயிச்சிருந்தார். 1841-ல ஸ்வீடன்ல இருந்து ஜென்னி லிண்ட்னு ஒரு பாடகி அவரைத் தேடி வந்தார். வயசு 20. நம்ம வயசுதான். ஓயாம பாடிப்பாடிக் குரல் கிழிஞ்சுபோச்சு. கார்சியா சொன்ன வைத்தியம் ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாது! பாட்டு மட்டுமில்லை, பேச்சும் குறைவுதான். ஜென்னி கேட்டார். குரல் திரும்பி வந்தது. பிற்பாடு ஐரோப்பா, அமெரிக்கானு அந்தக் குரல் ரெண்டு கண்டத்தையும் ஆட்டிவெச்சது.

இன்னிக்குக் கண்ணாடிக்குப் பதில் கேமரா. கூடவே, மெஷின்ஸ் லேப்ல மோட்டார் வேகத்தைப் பார்க்க ஒரு மின்னி மின்னி எரியுற விளக்கு வைப்பாங்களே, ஸ்ட்ரோபோஸ்கோப், அதேதான். விநாடிக்கு 200 தடவை அதிர்ற நாணை ஸ்லோமோஷன்ல காட்டிடும். 2011 நவம்பர்ல பாடகி அடேலுக்கு, வயசு 23, குரல்நாண்ல சதை வளர்ந்து ரத்தம் கசிஞ்சது. நிகழ்ச்சிகள் எல்லாம் கேன்சல். பாஸ்டன்ல ஸ்டீவன் ஸைட்டல்ஸ்ங்கிற டாக்டர் லேசர் வெச்சு மைக்ரோ சர்ஜரி பண்ணினார். அப்புறம் வாரக்கணக்குல மௌன விரதம். 2012 பிப்ரவரியில கிராமி மேடையில பாடி, ஆறு விருது வாங்கி, டாக்டர்களுக்கு நன்றி சொன்னார். லேசர் வந்தாலும் பாருங்க, கார்சியாவோட வைத்தியம் மாறவே இல்லை. வாயை மூடிக்கிட்டு இரு!

சரி, உங்க காதுக்கு வருவோம்

இவ்வளவு கதையும் எதுக்குச் சொன்னேன்? அந்த 15,000 மயிர்செல் இருக்கே, அது செத்தா மறுபடி முளைக்காது. முடி கொட்டினாலாவது வைத்தியம் தேடலாம், இதுக்கு அதுவும் இல்லை. அரியர் எழுதவே முடியாத பேப்பர் இது!

கணக்கு சிம்பிள். உலக சுகாதார நிறுவனம் சொல்றபடி, 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 10 டெசிபல் ஏறினா சத்தத்தோட சக்தி 10 மடங்கு. அதனால 90 டெசிபல்னா 4 மணி நேரம்தான். 100 டெசிபல்? வாரத்துக்கே சுமார் 20 நிமிஷம்! ஃபுல் வால்யூம்ல பல போன்கள் சுலபமா 100-ஐத் தொடும். கல்ச்சுரல்ஸ்ல டி.ஜே. ஸ்பீக்கர் பக்கத்துல நின்னு ஆடுறது அதுக்கும் மேல. 12-ல இருந்து 35 வயசுக்குள்ள இருக்கிற 100 கோடிக்கும் அதிகமானவங்க இந்த ஆபத்துல இருக்காங்கன்னு அந்த நிறுவனம் 2022-ல எச்சரிச்சது. அந்தக் கோடியில நாமும் உண்டு.

‘கச்சேரி முடிஞ்சதும் காதுல ஙொய்ய்ங்குது, காலையில சரியாயிடும் மச்சி’ம்பீங்க. அங்கேதான் வில்லங்கம். 2009-ல பாஸ்டன்ல குஜாவா, லீபர்மன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எலிகளை ரெண்டு மணி நேரம் பெரிய சத்தத்துல வெச்சுப் பார்த்தாங்க. கேட்கும் திறன் சில நாள்லயே பழையபடி வந்துடுச்சு. ஆனா உள்ளே பார்த்தா, செல்லுக்கும் நரம்புக்கும் இருக்கிற இணைப்புகள் சில இடங்கள்ல பாதி அளவுக்குக் காலி! ஹியரிங் டெஸ்ட்ல பாஸ், உள்ளே சேதாரம். மனுஷனுக்கும் இப்படித்தான் நடக்குதாங்கிற ஆராய்ச்சி போய்க்கிட்டே இருக்கு.

‘சயின்ஸ் ஏதாவது கண்டுபிடிக்கும்’னு ஒரு நம்பிக்கை வருதா? வரட்டும், தப்பில்லை. பரம்பரையா வர்ற ஒரு வகைக் காது கேளாமைக்கு ஜீன் சிகிச்சை குடுத்து, சீனாவுல ஆறு குழந்தைகள்ல அஞ்சு பேருக்குக் கேட்க ஆரம்பிச்சதா 2024-ல செய்தி வந்தது. அற்புதமான விஷயம்! ஆனா அது ஒரே ஒரு ஜீன் கோளாறுக்கு. டி.ஜே. அடிச்சுக் கெடுத்த காதுக்கு இல்லை.

அதனால, கைவசம் சில டிப்ஸ்.

வால்யூமை 60 சதவிகிதத்தைத் தாண்ட விடாதீங்க. பஸ் சத்தத்தை அமுக்கறதுக்காக வால்யூமை ஏத்தறதுதான் பெரிய தப்பு. பஸ்ல பாட்டே வேணாம், ஜன்னலோரம் வேடிக்கை பாருங்க.

ஸ்பீக்கரை விட்டு நாலு அடி தள்ளி ஆடுங்க. மெடிக்கல்ல கிடைக்கிற நுரை இயர்பிளக் ஒரு ஜோடி போதும். பாட்டு கேட்கும், காதும் பிழைக்கும்.

திடீர்னு ஒரு காது மட்டும் அடைச்ச மாதிரி கேட்காமப் போனா, ‘குளிச்ச தண்ணி’னு எண்ணெய் காய்ச்சி ஊத்தாதீங்க. அது எமர்ஜென்சி. ரெண்டு மூணு நாளுக்குள்ள ஈ.என்.டி. டாக்டரைப் பார்த்தாத்தான் மருந்து கைகொடுக்க வாய்ப்பு அதிகம்.

குரல் கட்டிப்போய் மூணு, நாலு வாரமாகியும் தெளியலைன்னா தொண்டைக்குள்ள கேமரா போட்டுப் பார்த்துடறது நல்லது. சிகரெட் பார்ட்டிங்க கட்டாயம் பார்க்கணும். தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுனு பேசினா குரலுக்கு ரெஸ்ட்னு நினைக்காதீங்க. பலருக்கு அது தொண்டையை இன்னும் இறுக்கும். பேசாம இருக்கிறதுதான் ரெஸ்ட். தண்ணி நிறையக் குடிங்க. மேட்ச்ல கத்தறதுக்கு ஒரு விசில் வாங்கிக்கோங்க.

ராட் சாண்டர்ஸுக்கு மறுபடி வார்த்தை புரிய, ஒரு மருந்துக்கடைக்காரர் பையனோட பாதி ஆயுசும், ஒரு குழுவோட உழைப்பும், தெருவுல குலுக்கின உண்டியலும், ஒரு சங்கும், ஒரு புல்லும் தேவைப்பட்டது. உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு விரல்தான். வால்யூம் பட்டன்ல, கீழே இருக்கிறதை அமுக்குங்க பாஸ்!